முடிவெட்டப் பழகுவோருக்கு: வகிடு, கைடு, கோணம் – ஒரு முழுமையான வழிகாட்டி

பியூட்டிஷியன் படிப்பில் சேர்ந்ததும் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். ஸ்ட்ரெய்ட் கட், யு கட், வி கட், ஸ்டெப் கட், லேயர் கட், பாப் கட், மஷ்ரூம் கட், டயானா கட், பாய் கட். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு செய்முறை. நோட்டில் எழுதி, டம்மித் தலையில் வெட்டிக் காட்டி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவோம். அப்புறம் முதல் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டியலில் இல்லாத ஒரு ஸ்டைலைச் செல்போனில் காட்டியதும் கை நின்றுவிடும்.

அந்தப் பட்டியல் முழுவதற்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு. ஒரு முடியின் நீளம் என்பது அதன் வேருக்கும் கத்தரி கடித்த இடத்துக்கும் இடையே உள்ள தூரம். முடியை எந்தப் பக்கம் இழுத்தீர்கள், எவ்வளவு தூக்கினீர்கள், எங்கே கடித்தீர்கள் என்பதை வைத்தே அந்த முடி தொங்கும்போது எங்கே நிற்கும் என்பது முடிவாகிறது. வகுப்பில் வரும் செக்ஷன், எலிவேஷன், கைடுலைன், ஓவர் டைரக்ஷன் எல்லாம் இந்தத் தூரத்தைக் கையில் வைத்துக்கொள்ளும் வழிகள்தான். இது பிடிபட்டுவிட்டால் படத்தைப் பார்த்தே வெட்டு எப்படி வந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கைச் சுற்றியே போகும்.

கத்தரியும் கையும்

பெண்களின் முடிக்கு 5.5 அல்லது 6 இன்ச் கத்தரி போதும். சீப்பின் மேல் வைத்து வெட்டும் பாய் கட் வேலைக்கு 6.5, 7 இன்ச் வசதி. இந்த அளவு வெட்டும் அலகின் நுனியிலிருந்து விரல் வளையத்தின் முடிவு வரை எடுப்பது. சுண்டுவிரல் தாங்கும் கொக்கி இதில் சேராது.

கத்தரியில் ஒரு அலகு நிற்க வேண்டும், மற்றது மட்டும் அசைய வேண்டும். மோதிர விரல் நிற்கும் அலகின் வளையத்தில், சுண்டுவிரல் கொக்கியின் மேல், ஆள்காட்டி விரல் திருகுக்கு அருகில். கட்டைவிரலின் நுனி மட்டும் அசையும் அலகின் வளையத்துக்குள் போக வேண்டும். நகத்தின் அடியைத் தாண்டி உள்ளே விட்டால் கை முழுவதும் ஆடும், கோடு கோணலாகும். பழக ஒரு எளிய பயிற்சி உண்டு. நிற்கும் அலகை மேசை விளிம்பில் படுக்க வைத்து, அது துளியும் நகராமல் கட்டைவிரலை மட்டும் திறந்து மூடுங்கள். தினமும் பத்து நிமிடம், இரண்டு வாரம். சலிப்பாக இருக்கும், ஆனால் விட்டுவிடாதீர்கள். இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடதுகைக் கத்தரி தனியாகவே கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். வலதுகைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகி, முடி வெட்டுப்படாமல் மடங்கும்.

முடியைச் சீவும்போது கத்தரியைக் கீழே வைக்கத் தேவையில்லை. கட்டைவிரலை வெளியே எடுத்து, மூடிய கத்தரியை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சீப்பைப் பிடித்துச் சீவலாம். இதை பாமிங் என்பார்கள். வாடிக்கையாளரின் கண்ணையும் காதையும் காப்பாற்றுவது இந்தப் பழக்கம்தான்.

திருகு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற அலகை நன்றாகத் திறந்து விட்டுவிடுங்கள். பாதி மூடி நின்றால் சரி. முழுதும் விழுந்து மூடினால் தளர்வு, அசையாமலே நின்றால் இறுக்கம். அன்றைய வேலை முடிந்ததும் துடைத்து, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முடி வெட்டும் கத்தரியால் காகிதமோ துணியோ வெட்டினால் அதன் கூர்மை போய்விடும்.

மற்ற சாமான்கள்: ஒரு பாதி நெருக்கமாகவும் மறுபாதி அகலமாகவும் பல் உள்ள கட்டிங் சீப்பு, வகிடெடுக்க வால் சீப்பு, சிக்கெடுக்க அகலப்பல் சீப்பு, செக்ஷன் கிளிப்புகள், தண்ணீர் ஸ்பிரே, கழுத்துப் பட்டை, உடைமேல் போர்த்தும் கேப், அடர்த்தி குறைக்கும் தின்னிங் கத்தரி, ரேஸர். சீப்பையும் கிளிப்பையும் ஒவ்வொருவருக்குப் பிறகும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிருமிநாசினியில் போட்டு எடுங்கள். கத்தரியை முடி போகத் துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலால் மறுபடி துடையுங்கள். ரேஸர் பிளேடு ஆளுக்கு ஒன்று, வெட்டி முடித்ததும் உறைக்குள் போட்டு அப்புறப்படுத்த வேண்டும். ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் இரத்தம் பட்ட பிளேடு வழியே பரவக்கூடியவை, இதில் சலுகையே கிடையாது. தலையில் பேன், படர்தாமரை, புண் ஏதாவது கண்டால் வெட்ட வேண்டாம். மற்றவர் காதில் விழாமல், மெதுவாக அவரிடமே சொல்லி, மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தலையைப் படிப்பது

மண்டை உருண்டையாக இருப்பதால்தான் இந்தத் தொழிலே கடினமாக இருக்கிறது. அந்த உருண்டையில் சில அடையாள இடங்களைக் கையால் தடவியே கண்டுபிடிக்கப் பழக வேண்டும்.

பக்கவாட்டில் சீப்பைத் தட்டையாக வைத்துப் பாருங்கள். மேலே போகப் போக ஓரிடத்தில் மண்டை சீப்பை விட்டு உள்ளே வளையத் தொடங்கும். அதுதான் பரைட்டல் ரிட்ஜ், தலையின் அகலமான பகுதி. அதற்கு மேலே உள்ள முடி தலையின் மேல் படுக்கும், கீழே உள்ளது நேராகத் தொங்கும். பின்னால், பிடரிக்கு மேலே கையில் தட்டுப்படும் எலும்பு மேடு ஆக்ஸிபிட்டல் எலும்பு. பாப் கட்டில் முடியின் கனம் எங்கே உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்ய இது உதவும். சீப்பை உச்சந்தலையில் வைத்தால் அது தொடும் மிக உயரமான புள்ளி ஏபெக்ஸ். அதற்குச் சற்றுப் பின்னால், பெரும்பாலும் சுழி இருக்கும் பகுதி கிரவுன். கழுத்தை ஒட்டிய பிடரி, நேப்.

சுழியைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நமக்கு அது வேறு செய்தி. அந்த இடத்தில் முடி இரண்டு பக்கம் சுழன்று நிற்கும், குட்டையாக வெட்டினால் எழும்பிக்கொள்ளும். நெற்றியிலும் பிடரியிலும் கூடச் சுழி இருக்கும். ஈரமாக இருக்கும்போது முடியைச் சீவி, உள்ளங்கையால் வேர்ப்பக்கம் லேசாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். முடி தானாக எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் அதன் இயல்பான போக்கு. சுழி உள்ள இடத்தில் கொஞ்சம் நீளம் கூடுதலாக விட்டு, இழுக்காமல் வெட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன் பேச்சு

“லேசா நுனி மட்டும் எடுங்க” என்பார்கள். லேசு என்பது ஒருவருக்கு அரை இன்ச், இன்னொருவருக்கு மூன்று இன்ச். அதனால் அளவைச் சொல்லால் விடாதீர்கள். நுனியைக் கையில் எடுத்து, விரலால் பிடித்து, கண்ணாடியில் காட்டி, “இங்க வரைக்கும் வெட்டட்டுமா?” என்று கேளுங்கள். முடி மாதத்துக்குச் சராசரியாக ஒன்றேகால் செ.மீ. வளரும், அதாவது அரை இன்ச். தவறுதலாகப் போன மூன்று இன்ச் திரும்பி வர ஆறு மாதம்.

அம்மா கூடவே வந்திருந்தால் அம்மாவிடமும் கேட்டுவிடுங்கள். ஆனால் நாற்காலியில் இருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்து முதலில் கேளுங்கள்.

அடுத்தது எண்ணெய். நம் ஊரில் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னலோடு வருபவர்கள் நிறைய. எண்ணெய் முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். வெட்டும்போது நேராகத் தெரிந்து, வீட்டில் குளித்ததும் படிப்படியாகப் பிரியும். பின்னலின் வளைவும் நீளத்தைத் தப்பாகக் காட்டும். ஷாம்பூ போட்டு, துண்டால் ஒற்றி, சிக்கெடுத்த பிறகே கத்தரியைத் தொடுங்கள். சிக்கெடுப்பது நுனியிலிருந்து மேல்நோக்கி.

ஈர முடி நீளும், காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறும். சுருள் முடியில் இந்த ஏற்றம் பல இன்ச் கூட இருக்கலாம். ஆகவே ஈரத்தில் வெட்டும்போது கேட்ட அளவைவிடக் கொஞ்சம் நீளமாக நிறுத்தி, காய வைத்த பிறகு மீதியை எடுங்கள். வெட்டும் நேரம் முழுதும் ஈரம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருந்தால் இரண்டும் பொருந்தாது. அதற்குத்தான் ஸ்பிரே.

வகிடும் செக்ஷனும்

நான்கு செக்ஷன் எடுப்பது அடிப்படை. நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை ஒரு வகிடு. ஒரு காதின் பின்புறத்திலிருந்து ஏபெக்ஸ் வழியாக மறு காது வரை இன்னொரு வகிடு. நான்கையும் சுருட்டிக் கிளிப் போடுங்கள். முன்முடியைத் தனியாக எடுத்தால் ஐந்து செக்ஷன். வகிடு தெளிவாக, மண்டைத்தோல் வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு செக்ஷனிலிருந்தும் வெட்டுவதற்காக இறக்கும் மெல்லிய அடுக்கு சப்செக்ஷன். ஒரு செ.மீ. அல்லது அரை இன்ச் அகலம் போதும். அடர்த்தியான முடியில் இன்னும் மெலிதாக. அடுக்கைத் தூக்கினால் முந்தைய வெட்டு கீழே நிழல்போலத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அதிகம் எடுத்துவிட்டீர்கள். அவசரத்தில் எல்லோரும் செய்யும் தவறு இதுதான்.

சப்செக்ஷனின் திசைக்கும் பொருள் உண்டு. படுக்கை வகிடு கனத்தைச் சேர்க்கும், ஆகவே நுனிகள் ஒரே வரியில் நிற்கும் ஒரே நீள வெட்டுக்கு அது. நிமிர்ந்த வகிடு கனத்தைக் குறைக்கும், லேயருக்கு அது. சாய்ந்த வகிடு இரண்டுக்கும் நடுவில், முன்னோக்கியோ பின்னோக்கியோ நீளத்தைக் கொண்டுபோகும். கிரவுன் பகுதி உருண்டை என்பதால் அங்கே பீட்சாத் துண்டுபோல மையத்திலிருந்து விரியும் வகிடுகள்.

கோணம்: எல்லாவற்றின் வேர்

எலிவேஷன் என்றால் முடியை மண்டையிலிருந்து எவ்வளவு தூக்கிப் பிடித்து வெட்டுகிறோம் என்பது. இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: கோணத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், மண்டையிலிருந்து அளந்து பாருங்கள். பின்னந்தலையில் 90 பாகை என்றால் முடி நேராக உங்களை நோக்கி வரும். உச்சியில் அதே 90 பாகை என்றால் முடி கூரையை நோக்கி நிற்கும். இரண்டும் ஒன்றே.

0 பாகை என்றால் தூக்கவே இல்லை. முடி தொங்குகிற இடத்திலேயே ஒரே கோட்டில் வெட்டு. பிடரி முடியின் வேர் கீழே இருப்பதால் அது குட்டை, உச்சி முடி நீளம், ஆனால் நுனிகள் எல்லாம் ஒரே வரியில். கனம் முழுதும் அந்த வரியில் உட்காரும். ஸ்ட்ரெய்ட் கட்டும் ஒரே நீள பாப் கட்டும் இதுதான்.

45 பாகை தூக்கினால் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும். கிராஜுவேஷன் என்பார்கள். பின்னால் கூடுபோல உருண்டு நிற்கும் பாப் இப்படி வருவது.

90 பாகையில் எல்லா முடியும் மண்டையிலிருந்து ஒரே தூரத்தில் வெட்டுப்படும். உச்சி, பக்கம், பின் எல்லாம் ஒரே நீளம். கனம் சேர்ந்து உட்காரும் வரி, அதாவது கனவரி, எங்கும் விழாது.

180 பாகை என்றால் எல்லா முடியையும் உச்சிக்கு மேலே ஓரிடத்துக்குத் தூக்கி வெட்டுவது. அந்த இடத்துக்கு அருகில் வேர் உள்ள உச்சி முடி குட்டையாகும். வெகுதூரம் பயணம் செய்து வரும் பிடரி முடி நீளமாக நிற்கும். நீள முடியில் கேட்கும் ஸ்டெப், லேயர் எல்லாம் இந்தக் குடும்பம்.

ஓவர் டைரக்ஷன் இதே கணக்கின் பக்கவாட்டு வடிவம். முடியை அது இயல்பாக விழும் இடத்திலிருந்து முன்னுக்கோ பின்னுக்கோ இழுத்து வெட்டினால், இழுத்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் நீளம் சேரும். பின்னால் இழுத்து வெட்டினால் முன்பக்கம் நீளும். முன்னால் இழுத்து வெட்டினால் பின்பக்கம் நீளும். இந்த ஒரு வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கைடு, இழுவை, விரல்

முதலில் வெட்டும் அடுக்குதான் கைடுலைன். மற்ற எல்லா முடியும் அதைப் பார்த்து வெட்டுப்படும். கைடு இருந்த இடத்திலேயே இருந்து, மற்ற முடி அதைத் தேடி வந்தால் நிலையான கைடு. 0 பாகைக்கும் 180 பாகைக்கும் இது. வெட்டிய அடுக்கிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அடுக்குக்குக் கூடவே போனால் நகரும் கைடு. 90 பாகை லேயர் இதில்தான் வரும்.

இழுவை கூடினால் முடி நீண்டு, வெட்டியதும் மேலே ஏறும். எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதைவிட முதல் அடுக்கிலும் கடைசி அடுக்கிலும் ஒரே அளவு இழுக்கிறீர்களா என்பதே முக்கியம். காதுக்கு மேலே மட்டும் விதிவிலக்கு. காது துருத்திக்கொண்டிருப்பதால், அங்கே இழுத்து வெட்டினால் முடி விடுபட்டதும் ஓட்டைபோல ஏறி நிற்கும். சீப்பின் அகலப் பல்லால் சீவி, காதுக்கு மேல் முடியைச் சற்றுத் தளர விட்டு, இழுக்காமல் வெட்டுங்கள். சுருள் முடிக்கும் இழுவை குறைவாகவே.

இரு விரலுக்கு நடுவே பிடித்து வெட்டும்போது விரலின் இரண்டாவது கணுவைத் தாண்டி வெட்ட வேண்டாம். அதைத் தாண்டிய இடத்தில் முடி தளர்ந்திருக்கும், தோல் வெட்டுப்படும் இடமும் அதுதான். எங்கே வெட்டுகிறீர்களோ அதற்கு நேர் எதிரே நில்லுங்கள். உடம்பைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் எட்டினால் கோடு உங்கள் பக்கம் சாயும்.

முதல் வெட்டு: ஸ்ட்ரெய்ட் கட்

1. ஈரமான, சிக்கெடுத்த முடியில் நான்கு செக்ஷன் எடுங்கள். வாடிக்கையாளர் கால்மேல் கால் போட்டிருந்தால் இறக்கச் சொல்லுங்கள். கால் ஏறினால் இடுப்பும் தோளும் ஒரு பக்கம் ஏறும், நீங்கள் நேராக வெட்டியது அவர் எழுந்ததும் சாய்ந்து நிற்கும். நான் முதலில் வெட்டிய நீள முடி இப்படித்தான் ஒரு பக்கம் ஒரு இன்ச் கூடிப்போனது.

2. பிடரியில் ஒரு செ.மீ. அகலத்துக்குப் படுக்கை வகிடு எடுத்து முடியை இறக்குங்கள். தலை நேராக இருக்கட்டும்.

3. நடுவில் தொடங்குங்கள். இயல்பாக விழும் இடத்துக்குச் சீவி, முடியைத் தூக்காமல் நேராக வெட்டுங்கள். விரலை முடிக்குக் கீழே கொடுத்துப் பிடித்தாலே விரல் தடிமன் அளவுக்குக் கோணம் ஏறிவிடும். முடி முதுகில் படுமானால் சீப்பால் அழுத்திப் பிடித்து அதற்குக் கீழே வெட்டலாம்.

4. நடுவிலிருந்து இடது ஓரம், மறுபடி நடுவிலிருந்து வலது ஓரம். இதுதான் உங்கள் கைடு. இரண்டடி பின்னால் போய்க் கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். கோணல் இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள். பிற்பாடு சரி செய்தால் முடி குறைந்துகொண்டே போகும்.

5. அடுத்த அடுக்கை இறக்கிச் சீவுங்கள். கீழே கைடு தெரிகிறதா பாருங்கள். அதே வரியில் வெட்டுங்கள். இப்படியே உச்சி வரை. மேலே போகப் போக முடி அதிகமாகும், பொறுமை குறையும். அங்கேதான் அடுக்கை மெலிதாக எடுக்க வேண்டும்.

6. பக்கச் செக்ஷன்களை இறக்கும்போது பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் முடியைச் சேர்த்துப் பிடித்தால் கைடு கிடைக்கும். காதுக்குச் சொன்னது நினைவில் இருக்கட்டும்.

7. இரண்டு பக்கமும் முன்பக்கம் ஒவ்வொரு கற்றை எடுத்து, கண்ணாடியைப் பார்த்தபடி முகத்துக்கு முன்னால் இணையாக இழுத்து ஒப்பிடுங்கள்.

இந்த ஒரு வெட்டைப் பத்து முறை நேராக வெட்டியவருக்கு மற்றதெல்லாம் எளிது.

யு, வி

இப்போது கணக்கைப் பயன்படுத்திப் பாருங்கள். நெற்றியிலிருந்து பிடரி வரை நடு வகிடு எடுத்து, இரு பாதியையும் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து, இரண்டையும் ஒரே உயரத்தில் நேராக வெட்டினால் என்ன ஆகும்? முன்னால் இழுத்திருக்கிறோம், ஆகவே பின்பக்கம் நீளும். பின் நடுவில் உள்ள முடிதான் அதிக தூரம் வந்தது, அது எல்லாவற்றையும்விட நீளமாக நிற்கும். பின்னால் விட்டால் வி கட். முடியைத் தோளுக்கு முன்னால் கொண்டுவராமல் தோளின் பக்கவாட்டு வரை மட்டும் கொண்டுவந்து வெட்டினால் இழுப்பு குறைவு, வளைவு மென்மை, அது யு கட். பின்பக்கம் நின்றபடியே நடுக் கற்றையைக் கைடாக வைத்து, விரலை ஓரம் நோக்கி மேலே சாய்த்தும் இவற்றை வெட்டலாம். மெல்லிய முடிக்கு ஆழமான வி வேண்டாமென்று சொல்லுங்கள். கீழே நாலு முடி மட்டும் தொங்கி, எலிவால்போல இருக்கும்.

பாப்

இங்கிலாந்தின் விடால் சசூன் 1963இல் நடிகை நான்சி குவானுக்கு வெட்டிய பாப், இந்தத் தொழிலில் இன்றும் பேசப்படுவது. அதுவரை அங்கே பெண்கள் வாரம் ஒருமுறை சலூனுக்குப் போய், ரோலர் சுற்றி, ஸ்பிரே அடித்து முடியை நிறுத்தி வைப்பது வழக்கம். தலையை உதறினாலும் தானே இடத்தில் வந்து விழும்படி, கோணத்தை மட்டும் நம்பி வெட்டினார் சசூன். நாம் படிக்கும் பாடங்களில் பாதி அந்தக் காலத்திலிருந்து வந்தவை.

கிராஜுவேட்டட் பாப்புக்குப் பிடரியில் கைடு வெட்டி, அதற்கு மேலுள்ள அடுக்கை 45 பாகை தூக்கி, கைடோடு சேர்த்து வெட்டுங்கள். ஆக்ஸிபிட்டல் எலும்பு வரை இப்படிப் போய், அதற்கு மேலுள்ள முடி முழுவதையும் அந்த வரிக்கே இறக்கி வெட்டினால் அங்கே கனவரி உட்காரும். கோணத்தைக் கூட்டினால் கனவரி மேலே ஏறும். இரண்டு பக்கமும் கோணம் ஒன்றாக இருக்க, கண்ணாடியில் உங்கள் முழங்கையின் உயரத்தைப் பாருங்கள். இடது பக்கம் வெட்டும்போது முழங்கை எந்த உயரமோ வலது பக்கமும் அதே.

லேயரும் ஸ்டெப்பும்

எல்லாப் பக்கமும் ஒரே நீளமாக வெட்டும் 90 பாகை லேயரில், நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவில் அரை இன்ச் அகலக் கோடு எடுத்து, முழுவதையும் 90 பாகையில் ஒரே நீளத்துக்கு வெட்டுவது கைடு. பிறகு நிமிர்ந்த அடுக்குகளாக, முந்தையதில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு பக்கவாட்டில் போங்கள். விரல் மண்டையின் வளைவுக்கு இணையாக இருக்க வேண்டும். விரல் நேராக நின்றால் மூலை விழும்.

நீள முடிக்கு முதலில் கீழ்வரியை யு-வாகவோ நேராகவோ முடித்துவிடுங்கள். உச்சியில் ஒரு கற்றையை எடுத்து, மிகக் குட்டையான லேயர் எங்கே நிற்க வேண்டும் என்று முகத்தருகே காட்டிக் கேட்டு வெட்டுங்கள். அதுவே நிலையான கைடு. மற்ற அடுக்குகளை ஒவ்வொன்றாக அதனிடம் தூக்கி வெட்டுங்கள். எட்டாத முடி தானாக நழுவிவிடும், அதை விட்டுவிடலாம். அடுக்குகள் ஒன்றில் ஒன்று கரைந்தால் லேயர். ஒவ்வொரு படியும் தனியாகத் தெரியும்படி மேல், நடு, கீழ் என்று தனித்தனிக் கைடு வைத்தால் ஸ்டெப். வாடிக்கையாளர்கள் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முன்முடி

சீப்பின் நடுவை உச்சியில் வைத்தால், முன்பக்கம் மண்டை சீப்பை விட்டு இறங்கும் ஒரு புள்ளி இருக்கும். அங்கிருந்து இரண்டு கண்களின் வெளி ஓரத்துக்கு நேராக வகிடெடுத்தால் வரும் முக்கோணம்தான் முன்முடி எல்லை. அதற்கு வெளியே போகாதீர்கள். இந்தி நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க வந்த முன்முடி 1960களில் நாடு முழுக்கப் பரவி, அவர் பெயராலேயே சாதனா கட் ஆனது. பெரிய நெற்றிக்கு இன்றும் அதுதான் தீர்வு. ஈரத்தில் புருவத்துக்கு வெட்டினால் காய்ந்ததும் நெற்றி நடுவுக்கு ஏறும். மூக்கின் மேல்முனை வரை விட்டு, காய வைத்து, மறுபடி எடுங்கள்.

சரிபார்த்தல்

கிராஸ் செக்கிங் என்றால் வெட்டிய திசைக்குக் குறுக்காகப் பார்ப்பது. படுக்கை அடுக்கில் வெட்டியிருந்தால் நிமிர்ந்த அடுக்காக எடுத்துப் பாருங்கள். வெட்டிய அதே திசையில் பார்த்தால் செய்த பிழை மறுபடி சரியாகவே தெரியும். துருத்தும் நுனியை மட்டும் எடுங்கள், வெட்டை மறுபடி தொடங்க வேண்டாம். பிறகு உலர்த்தி, வாடிக்கையாளரை எழுந்து நிற்கச் சொல்லி ஒரு முறை.

நுனி வேலை

வடிவம் முடிந்த பிறகே இது. கத்தரி நுனியை முடி நுனிக்குள் செங்குத்தாக விட்டுச் சின்னச் சின்னதாக வெட்டுவது பாயிண்ட் கட்டிங், கோடு மென்மையாகும். அதையே ஆழமாக, பல் பல்லாக எடுப்பது நாட்ச்சிங். கத்தரியை முழுதும் மூடாமல் முடியின் மேல் வழுக்கி இறக்குவது ஸ்லைடு கட்டிங், முகத்தை ஒட்டிய லேயருக்கு அழகு. மிகக் கூர்மையான கத்தரி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ரேஸர் எப்போதும் ஈர முடியில் மட்டும். சுருள் முடியில் ரேஸரே வேண்டாம், நுனி பரட்டையாகும்.

தின்னிங் கத்தரியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடர்த்தியான முடி என்றதும் அதை வேர்ப்பக்கம் கொண்டுபோய் நாலைந்து கடி கடிப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு இலேசாக இருக்கும். மூன்று வாரத்தில் அந்தக் குட்டை முடிகள் முள்போல எழும்பி, மேல்முடியைத் தள்ளி, முன்னைவிடப் பருமனாகக் காட்டும். நம் ஊரின் தடித்த முடியில் இது இன்னும் மோசம். வேரிலிருந்து குறைந்தது மூன்று விரல் தள்ளி, மேலடுக்கையும் வகிட்டு ஓரத்தையும் தொடாமல், ஒரு கற்றைக்கு ஒன்றிரண்டு கடி. அவ்வளவே.

ஒரே டம்மியில் எத்தனை வெட்டு

டம்மித் தலை விலை கூடியது, ஒரு வெட்டோடு தூக்கிப் போட முடியாது. நீளத்தை வீணாக்காமல் போக ஒரு வரிசை இருக்கிறது. முதல் நாள் ஸ்ட்ரெய்ட் கட், அரை இன்ச் மட்டும். அதையே நாலைந்து முறை அரையரை இன்ச்சாக. பிறகு யு, பிறகு வி. அப்புறம் 180 பாகை லேயர். இதில் உச்சிக் கற்றையைத் தொங்கவிட்டுப் பார்த்து, அது தாடைக்குக் கீழே நிற்கும்படி விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பாப்புக்கு மேல்முடி எட்டாது. அடுத்து தாடை அளவில் ஒரே நீள பாப், அதிலேயே கிராஜுவேட்டட் பாப். அதன் பின் 90 பாகை லேயர். கடைசியாகச் சீப்பின் மேல் கத்தரி ஓட்டி பாய் கட். ஒவ்வொன்றையும் வெட்டும் முன் நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த வகிடு, எத்தனை பாகை, எந்தக் கைடு. வெட்டிய பிறகு நாலு பக்கமும் படம் எடுத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.